ஒரு மில்லிமீட்டர் அதிகம்

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் இன்று பட்டறை வாசலில் வந்து நின்றாள். நாள் முழுக்க உள்ளே என்ன கிறீச் கிறீச் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

குவாட் பார்த்திருக்கிறீர்களா என்றேன். நாலு தடித்த சக்கரம், ஒரு கைப்பிடி, மணலிலும் மலையிலும் ஓடுமே, அது. அதன் எஞ்சினுக்கு மேல்மூடிதான் ஹெட். கீழே சிலிண்டர். சிலிண்டருக்குள் ஏறி இறங்குவது பிஸ்டன். ஹெட்டின் அடியைக் கொஞ்சம் சீவிவிட்டால் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் குறுகும். காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுகி எரியும், இழுப்பு கூடும். கம்ப்ரஷன் ஏற்றுவது என்பது இதுதான்.

அவள் ஹெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, குறைச்சா பலம் கூடுமா, நானும் பத்து வருஷமா உடம்பக் குறைக்கிறேன், மாடி ஏறினா மூச்சுதான் வாங்குது என்றாள்.

சாயங்காலம் இதை என் கணவரிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்குள் வேலை பிரித்தே இருக்கிறது. மில்லிங் மெஷினும் லேத்தும் என் பக்கம். எஞ்சினைப் பூட்டுவது, டியூன் செய்வது, ஓட்டிப் பார்ப்பது அவர் பக்கம். எவ்வளவு சீவ வேண்டும் என்று அவர் சொல்வார், நான் சீவுவேன். 'நீ கை, நான் காது' என்பார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு வியாதி சொல்கிறவர் என்று அவருக்குப் பெயர். பொய்யில்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணி வந்தார். அவருடைய அக்கா. மலையடிவார ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் பட்டறைக்கு அவர் வந்து எத்தனையோ காலம். பணக்காரப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்கிற இடம் என்று ஒருமுறை சொன்னார், இவர் அதை இன்னும் மறக்கவில்லை. அம்மா போன பிறகு இவரை வளர்த்தது அண்ணிதான். அதனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு நாலு வார்த்தையாக வலிக்கும்.

ஒரு சின்ன லாரியில் ஆஸ்பத்திரி குவாட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மேலே மலையில் மூன்று சிற்றூர்கள். கார் போகாது. இந்தக் குவாட்டில் மருந்துப் பெட்டியோடு ஏறுவார், நடக்க முடியாத நோயாளியைப் பின்னால் கொக்கி மாட்டிய வண்டியில் படுக்கவைத்து இறக்குவார். கடைசி ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி நின்றுவிடுகிறதாம். அண்ணி இறங்கித் தள்ளுகிறார். ஐம்பத்தாறு வயது. வண்டி ஏறவில்லை என்றால் மேல் ஊர்களுக்குப் போவதையே நிறுத்திவிடலாம் என்று பெரிய டாக்டர் பேச ஆரம்பித்திருக்கிறாராம். முடியாதவர்கள் எப்படியாவது இறங்கி வரட்டும் என்று.

அண்ணி இவரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உன்னால முடியுமாடா?"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பையன் மாதிரி.

மார்ச் 7, வெள்ளி

எஞ்சினைப் பிரித்துவிட்டார். வயசுக்கு நல்ல எஞ்சின், சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மூடி, மேலே கண்ணாடித் தட்டைக் கிரீஸால் ஒட்டி, நடுத் துளை வழியே எண்ணெய் விட்டு உள்ளே எவ்வளவு கொள்கிறது என்று அளந்தேன். என் பழைய சிரிஞ்சு உடைந்துவிட்டது. அண்ணி பையிலிருந்து புதுசாக ஒன்று எடுத்துக் கொடுத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு காற்றுக்குமிழி வந்தது. 'தட்டும்மா, விரலால தட்டு' என்றார். தட்டினேன், போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே தொழில் போல இருந்தது அந்த நேரம்.

பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். அடிவாரத்தில் ஒரு கடையில் கேனில் விற்கிறார்களாம், பல நாள் வெயிலில் கிடந்தது. வேறு வழியில்லை என்றார்.

மார்ச் 10, திங்கள்

எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம்.

ஹெட்டில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் போதும் என்றேன். போதாது, சிலிண்டரின் மேல் விளிம்பிலும் ஒன்று எடு என்கிறார். மலை உச்சியில் காற்று மெலிசு, எஞ்சினுக்குப் பாதி மூச்சுதான் கிடைக்கும், அங்கே எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் உச்சிக்கு வண்டி பறந்தா போகும்? அடிவாரத்து வெயிலில், அந்தச் செத்த பெட்ரோலில், மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறித்தானே போக வேண்டும். அங்கே பெட்ரோல் தன் நேரம் வருமுன்பே வெடிக்கும். நாக்கிங். பிஸ்டனைத் தின்றுவிடும்.

இதைத்தான் சொன்னேன். அவர், "அக்கா வாயத் தொறந்து கேட்டு வந்திருக்காங்க. அரைகுறையா செஞ்சு குடுக்கச் சொல்றியா?" என்றார்.

அவர் சொன்ன அளவையே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

வெட்டியாயிற்று. ஹெட்டில் ஒன்று, சிலிண்டரில் ஒன்று. வெட்டு கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. கோபமாக இருக்கும்போதுதான் எனக்கு வேலை சுத்தமாக வருகிறது, அது என்ன ராசியோ.

மார்ச் 15, சனி

பூட்டுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் அப்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். வால்வு பதிந்த தடத்தை நறுக்கி அளந்தேன். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளாது, இடம் இருக்கிறது.

மத்தியானம் கிளப்பினார். முதல் உதையிலேயே கிக்கர் காலைத் திருப்பி அடித்தது, அவ்வளவு இறுக்கம். பிறகு பிடித்துக்கொண்டது. கல் குவாரிக்குப் போகிற மேட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏற்றினார். சும்மா சொல்லக்கூடாது, காட்டு மிருகம் மாதிரி ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தியா என்று வாயால் கேட்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். நான்தான் தப்போ என்றுகூடத் தோன்றியது. ஆனால் டேங்கில் இருந்தது ஊருக்குள் போட்ட நல்ல பெட்ரோல்.

அண்ணி வந்து வண்டியை ஏற்றிப்போனார். போகும்போது தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். இவர் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி போன். கடைசி ஏற்றத்தில் வண்டி நிற்கவே இல்லையாம், மேல் ஊர்க்காரர்கள் புது வண்டியா என்று கேட்டார்களாம். அந்த மகிழ்ச்சியோடு, அடிவாரத்தில் ஏறும்போது மட்டும் ஏதோ ஒரு சத்தம் வருது தம்பி என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

புதுசா இறுக்கின எஞ்சின், அப்படித்தான் இருக்கும் அக்கா, ஓட ஓட சரியாயிடும் என்றார் இவர்.

நான் துடைப்பத்தோடு நின்றேன். அலுமினியச் சுருள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். என்ன சத்தம் என்று கேளுங்கள் என்று சைகை காட்டினேன். பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

வேலை அதிகம். மூன்று ஹெட். முதுகு வலி. அண்ணியிடமிருந்து போன் இல்லை, அப்படியென்றால் நல்லபடியாக ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

ஏப்ரல் 9, புதன்

வண்டி நின்றுவிட்டது.

மேலே, கடைசி ஊரில். ஒரு தச்சர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். அண்ணி அவரை எடுக்கப் போயிருக்கிறார். ஊருக்குள் நுழையும்போதே எஞ்சின் ஒரு இருமல் இருமி இறுகிப்போனது. போனில் சிக்னல் இல்லை. தச்சர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், பொழுது சாய்ந்தால் குளிர் வந்துவிடும்.

அண்ணி யோசித்திருக்கிறார். ஏறத்தான் எஞ்சின் வேண்டும், இறங்க பிரேக் போதும். தச்சரைப் பின்வண்டியில் கட்டிப் படுக்கவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, தச்சரின் இரண்டு மருமகன்களையும் பின்னால் கயிறு பிடிக்கச் சொல்லி, கிணற்றுக்குள் வாளி இறக்குவது மாதிரி மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். நடுவே ஒரு சின்ன மேடு. அங்கே மருமகன்கள் இரண்டு பேரும் முன்னால் வந்து இழுத்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிட்டார்கள். தச்சர் பிழைத்துக்கொள்வார். பிரேக் கட்டைகள் தீய்ந்து போய்விட்டன. அண்ணியின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

இதையெல்லாம் போனில் சொன்னது ஆஸ்பத்திரி டிரைவர். அண்ணி எங்களோடு பேசவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வண்டி வந்தது. அவர் உடனே பிரித்தார். பிஸ்டனின் ஓரம் எலி கொறித்த ரொட்டி மாதிரி இருக்கிறது. சிலிண்டர் சுவரில் நீளமாக இரண்டு கீறல், விரல் நகம் சிக்குகிறது. பிஸ்டன் தலையில் பொடிப்பொடிக் குழிகள். நாக்கிங் தின்ற தடம், யாரும் விளக்கத் தேவையில்லை.

பிஸ்டனை என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சொன்னேன்ல. படிச்சுப் படிச்சு சொன்னேன். அந்த மனுஷன் கூரையிலேருந்து விழுந்ததுமில்லாம நடுவழில... அண்ணி கை நழுவியிருந்தா? கயிறு அறுந்திருந்தா? ஒரு மில்லிமீட்டர். நகத்தோட தடிமன். அதுக்காக.

இதை அவரிடம் சொல்லலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். பட்டறைப் படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தார். எரிகிற வீட்டில் நானும் ஏன் ஒரு கொள்ளியைப் போட வேண்டும்? டீ வைத்துவிட்டு வந்தேன். குடித்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று அண்ணியே வந்தார், கையில் கட்டோடு. தச்சருக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று முதலில் அதைச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மேஜைமேல் கிடந்த பிஸ்டனைப் பார்த்தார். இவர் நின்றுகொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

"வண்டி நல்லாத்தான்டா ஏறுச்சு. அதுல எனக்குக் குறையில்ல. சத்தம் வருதுன்னு சொன்னேன். என்ன சத்தம்னு கேட்டியா?"

"கேக்கல."

"சரி. இப்பக் கேளு."

பக்கத்தில் நட்டு போல்ட்டு போட்டு வைக்கிற தகர டப்பா. அதை எடுத்துக் கட்டுப் போட்ட கையாலேயே குலுக்கினார். சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. பிறகு வேகமாக. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அச்சு அசல் நாக்கிங். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

இவர் மெதுவாக அவர் எதிரில் குந்தினார். அண்ணியின் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். எங்கே ஆரம்பிக்கும்? பாலம் தாண்டின முதல் ஏற்றத்தில். காலையிலா மத்தியானத்திலா? வெயில் ஏறினால் அதிகம். பெட்டி இல்லாமல் போனால்? குறைவு. உச்சியில்?

"உச்சிக்குப் போனா நின்னுடும். சத்தமே இருக்காது. அதனாலதான் நானும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவேன்."

இவர் என் பக்கம் திரும்பினார். "நீ எவ்வளவு சொன்ன?"

"ஒண்ணு."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தலையாட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

ராத்திரி யோசித்துப் பார்த்தால், உச்சியைப் பற்றி அவர் சொன்னது சரி, அடிவாரத்தைப் பற்றி நான் சொன்னது சரி. வண்டி இரண்டு இடத்திலும் ஓட வேண்டும், அதைத்தான் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

அண்ணி போகும்போது இன்னொன்றும் சொன்னார். மாதக் கடைசிக்குள் வண்டி ஓடவில்லை என்றால் மேல் ஊர்களுக்குப் போவதை நிறுத்திவிடுவதாகப் பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெட்டினதை ஒட்ட முடியாது. எங்கள் தொழிலில் இது ஒரு சாபம். தையல்காரி அளவு தப்பினால் ஒட்டுப் போடலாம், சமையலில் உப்புக் கூடினால் தண்ணீர் விடலாம். சீவின உலோகம் சீவினதுதான்.

ஆனால் சிலிண்டரையே கொஞ்சம் தூக்கி உட்காரவைக்கலாம். அடியில் ஒரு அலுமினியத் தகடு கொடுத்தால் பிஸ்டனுக்கு மேலே இடம் திரும்ப வரும். எவ்வளவு தடிமன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டேன். முழு மில்லிமீட்டரும் திருப்பிக் கொடுத்தால் நான் முதலில் சொன்ன இடத்துக்கே வந்துவிடும். அதில் உச்சி ஏற்றம் கொஞ்சம் திணறும் என்று இப்போது தோன்றுகிறது. முக்கால் கொடுக்கலாம். கால் பங்கு அவருக்கு.

இதைச் சொன்னபோது அவர், "பரவால்லயே, பெரிய மனசுதான்" என்றார். நாலைந்து நாளில் முதல் கேலி. வீட்டுக்குள் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

சிலிண்டரை அடுத்த அளவுக்குக் குடைந்தேன். கீறல் முழுக்கப் போய்விட்டது. உள்சுவரில் எண்ணெய் தங்குவதற்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு ஹோனிங் முடித்தேன். புதுப் பிஸ்டன் நாளை வரும்.

தகடு இரண்டு வீணாயிற்று. முதல் தகட்டில் ஒரு போல்ட் துளை தள்ளிப்போனது. இரண்டாவதை அவர் மிதித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னொரு காலாலும் மிதித்தார். மூன்றாவது நன்றாக வந்தது.

ஏப்ரல் 19, சனி

பூட்டியாயிற்று. அடிவாரத்துக் கடையிலிருந்து அந்தக் கேன் பெட்ரோலையே ஒரு கேன் வரவழைத்தார். குவாரி மேட்டில், உச்சி வெயிலில், பின்வண்டியில் ஆறு சிமெண்ட் மூட்டை ஏற்றி, அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் நடந்தேன். ஏறி முடித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, "உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார்.

இல்லை என்றேன்.

எனக்கும் இல்லை என்றார். பிறகு இன்னொரு தடவை ஏறலாம் என்றார். அப்படி நாலு தடவை.

ஏப்ரல் 21, திங்கள்

அவர் அண்ணியோடு மலைக்குப் போயிருக்கிறார். வண்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட மாட்டாராம், மேலேயே தங்கி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாராம். பட்டறை வெறிச்சென்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, இன்னிக்கு கிறீச் சத்தமே காணோமே, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24, வியாழன்

வந்துவிட்டார். மூக்கு வெயிலில் உரிந்து தக்காளி மாதிரி இருக்கிறது.

அடிவாரத்தில் சத்தமே இல்லையாம். உச்சியில் மட்டும் எஞ்சின் கரும்புகை விட்டிருக்கிறது. மெலிந்த காற்றுக்கு பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றியிருக்கிறார், கீழேயும் ஓட்டிப் பார்த்தாராம், சத்தமில்லை, அதற்குப் பிறகு கடைசி ஏற்றத்தில் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு நிற்காமல் போயிருக்கிறது. அந்த ஜெட் விஷயம் எனக்கு ஏழு ஜென்மம் ஆனாலும் தோன்றியிருக்காது. சொன்னேன். சும்மா இரு என்றார், ஆனால் சந்தோஷப்பட்டார்.

பெரிய டாக்டர் ஒரு சுற்று வண்டியில் உட்கார்ந்து பார்த்தாராம். மேல் ஊர்களுக்குப் போவது தொடரும்.

ராத்திரி படுத்தபிறகு, அக்கா தூங்கும்போது குறட்டை விடறாங்க, சின்ன வயசுல விட்டதில்ல என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, அவங்களுக்கு வயசாயிடுச்சு என்றார்.

மே 11, ஞாயிறு

நான் மலைக்கு வந்திருக்கிறேன். இதைத் தச்சர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் இருவரையும்தான் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டறையை இரண்டு பேரும் விட்டுவர முடியாது, நீ போ என்றார். அண்ணியின் பின்னால் உட்கார்ந்து ஏறினேன். பாலம் தாண்டினதும் என் முதுகு தானாக விறைத்தது. அண்ணி திரும்பாமலேயே, "மூச்ச விடும்மா" என்றார். விட்டேன். எஞ்சின் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

தச்சர் ஊன்றுகோலோடு வாசல் வரை வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கோல் மூட்டு சரியில்லை என்று அவரே வேறு செய்துகொண்டாராம். என்னைப் பார்த்து, நீங்கதானா அந்த எஞ்சின் என்றார். அண்ணி என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. அன்று மலையிலிருந்து இறங்கியதை மருமகன்கள் கயிறு பிடித்தபடியே நடித்துக் காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவர் மனைவியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேல் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அண்ணி கைகழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்து போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கோழிகள்தான்.

இங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் மட்டும் போன் கிடைக்கிறது. ஏறி அவரைக் கூப்பிட்டேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, புது ஆள் ஒருத்தர் சிலிண்டரும் ஹெட்டும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்றார்.

"எவ்வளவு எடுக்கணும்னு கேட்டார். அவ வந்து பாத்துட்டு சொல்லுவா, எங்க ஓட்டுறீங்க, என்ன பெட்ரோல் போடுறீங்கன்னு மட்டும் கேட்டு வெச்சிருக்கேன்னு சொன்னேன்."

"அவசரமா?"

"இல்ல. அக்காகூட ரெண்டு நாள் இருந்துட்டு வா. நான் எங்க போகப் போறேன்."

தொட்டியிலிருந்து இறங்கி வந்து, செவ்வாய்க்கிழமைதான் இறங்குவேன் என்று தச்சர் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.